அலெட்ச் பனியாற்றில் கைடு இல்லாமல் நடக்கலாமா? கொன்கோர்டியா ஹட்டில் தங்குவது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள், ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து வருகிறார்கள். யுங்ஃப்ராயோக்கில் ரயிலை விட்டு இறங்கி, அலெட்ச் பனியாற்றின் மேலேயே நடந்து, கொன்கோர்டியா ஹட் என்ற மலைக் குடிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மெர்யெலன் வழியாக ஃபீஷரால்ப்பில் வெளியே வர வேண்டும் என்பது திட்டம். வெள்ளியங்கிரி ஏழாவது மலை ஏறியிருக்கிறார்கள், குளிர்காலத்தில் கேதார்காந்தாவும் போயிருக்கிறார்கள். நல்ல ஷூ இருக்கிறது, ஜிபிஎஸ் டிராக் இறக்கி வைத்திருக்கிறார்கள், கிராம்பானும் (பனியில் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) கயிறும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்களாம். கைடு இல்லாமல் போகலாமா, ஹட்டில் சைவம் கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள்.

கைடு இல்லாமல் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. உங்கள் கால் பலத்தில் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவருக்கு இந்த நடை உடம்பளவில் ஒன்றும் பெரிதில்லை, முதல் நாள் பெரும்பகுதி இறக்கம்தான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பாறை மலையில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், விளிம்பு எங்கே, வழுக்கல் எங்கே என்று பார்த்துக் கால் வைக்கலாம். யுங்ஃப்ராயோக்கிலிருந்து கொன்கோர்டியா வரைக்குமான மேல் பனியாற்றில் ஆபத்து பனிக்கு அடியில் இருக்கிறது. மேலே பார்த்தால் வெள்ளை விரிப்பு மாதிரி ஒரே சமம், அதற்குக் கீழே இருபது முப்பது மீட்டர் ஆழப் பிளவு இருக்கலாம். அனுபவம் உள்ளவர் பார்த்தால் பனியின் மேல் லேசான பள்ளக் கோடு, நிறத்தில் ஒரு சின்ன மங்கல், சரிவு எங்கே வளைகிறது என்பதை வைத்து ஊகிப்பார். நமக்கு அது வெறும் பனி.

பனியாறு என்பது நிற்கும் பனிக்கட்டி இல்லை, ஓடுகிறது. அலெட்ச்தான் ஆல்ப்ஸிலேயே நீளமானது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கொன்கோர்டியா பக்கம் ஆண்டுக்கு 200 மீட்டர் அளவுக்கு நகர்கிறது. அடியில் பாறை ஏறி இறங்கும் இடத்தில், திருப்பத்தில், சரிவு செங்குத்தாகும் இடத்தில், மேலே உள்ள பனிக்கட்டி இழுபட்டுப் பிளக்கிறது. குளிர்காலப் பனி அந்தப் பிளவுகளின் வாயை மூடிப் பாலம் போடுகிறது. கோடை முழுக்க அந்தப் பாலம் மெலிந்துகொண்டே போகிறது. காலையில் உறைந்து கல் மாதிரி இருக்கும் பாலம் மதியம் இரண்டு மணிக்கு உளுத்துவிடும். ஆகஸ்டில் ஒரு நாள் புதுப்பனி விழுந்தால் இன்னும் மோசம், நேற்று வரை தெரிந்த பிளவுகளையும் மூடிவிடும். அதனால்தான் போன வாரம் யாரோ நடந்த ஜிபிஎஸ் டிராக்கை நம்பி நடப்பது பனியாற்றில் பயன்படாது. அந்தக் கோடு இருக்கும், அது கடந்த பாலம் இருக்காது.

அப்புறம் கயிறு. "கயிறு கட்டிக்கொள்வோம், ஒருவர் விழுந்தால் மற்றவர் பிடிப்பார்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் மட்டும் கட்டிக்கொள்ளும் கயிறுதான் பனியாற்றிலேயே கடினமான ஏற்பாடு. எழுபது கிலோ ஆள் திடீரென்று மறையும்போது அந்த இழுப்பு மற்றவரை முகம் குப்புறத் தள்ளி விளிம்பு நோக்கி இழுக்கும். இரண்டு பேராகப் போகத் தெரிந்தவர்கள் நடுவே நீண்ட இடைவெளி விட்டு, கயிற்றில் முடிச்சுகள் போட்டுக்கொள்வார்கள். விழும்போது அந்த முடிச்சு பனி விளிம்பில் வெட்டிச் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக. சரி, பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது என்ன? கயிற்றின் முழுப் பாரமும் உங்கள் இடுப்பில், நீங்கள் பனியில் படுத்திருக்கிறீர்கள், அதே நிலையில் பனிக்குள் ஒரு நங்கூரம் புதைத்து, பாரத்தை அதற்கு மாற்றி, பிறகு கப்பி முறையில் ஆளை மேலே இழுக்க வேண்டும். விளிம்பில் கயிறு பனிக்குள் கத்தி போல அறுத்து இறங்கியிருக்கும், அதனால் நேரே இழுத்தால் வராது. கீழே இருப்பவர் இரண்டு ஈரமான ஐஸ் சுவர்களுக்கு நடுவே, வியர்த்த உடம்போடு தொங்கிக்கொண்டிருப்பார். உடம்பு குளிர்ந்து விறைத்துப்போக நிறைய நேரம் எடுக்காது. இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது, பனியில் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை, இந்த இடத்தின் இயல்பு புரிய. 1926-ல் பக்கத்து லோட்சன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சகோதரர்கள் அலெட்ச் பனியாற்றில் காணாமல் போனார்கள். அவர்களுடைய எலும்புகள் 2012-ல்தான் பனியாற்றின் மேற்பரப்புக்கு வந்தன. மேலே விழுந்ததைப் பனி உள்ளே வாங்கி, சுமந்துகொண்டே கீழே வந்து, உருகும் இடத்தில் திருப்பித் தர 86 வருடம். உள்ளூர் ஆட்கள் இந்தப் பனியாற்றைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும், அதற்கு இதெல்லாம் காரணம்.

ஆகவே கைடு. நல்ல செய்தி என்னவென்றால், இந்த வழி கைடோடு போக மிக வசதியானது, அதற்காகத் தனியாக ஒருவரை அமர்த்தவும் தேவையில்லை. கோடைக்காலத்தில் கிரிண்டல்வால்ட், ஃபீஷ் இரண்டு பக்கத்து மலைக் கைடு அலுவலகங்களும் நீங்கள் சொன்ன இதே இரண்டு நாள் நடையைக் குழுவாக நடத்துகின்றன. ஆறு, எட்டு பேர் ஒரே கயிற்றில். ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டை), கிராம்பான் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். முன் அனுபவம் தேவையில்லை, ஆறேழு மணி நேரம் நடக்கத் தெம்பு இருந்தால் போதும். தனியாகக் கைடு வைத்தால் ஒரு நாளுக்கே 650 பிராங்குக்கு மேல் ஆகும், குழுவில் அது பங்காகிவிடும். கயிற்றில் ஆள் அதிகம் என்பது பாதுகாப்பும்கூட, ஒருவர் கால் உள்ளே போனாலும் மற்றவர்களின் எடை அவரை அங்கேயே நிறுத்திவிடும்.

இனி நடை. முதல் நாள் யுங்ஃப்ராயோக். 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். 1896-ல் தோண்டத் தொடங்கி 1912 ஆகஸ்ட் 1 அன்று திறந்தார்கள், ஐகர், மோன்ஷ் மலைகளின் வயிற்றுக்குள்ளேயே ஏறி வரும் ரயில். இந்தத் திட்டத்தைத் தொடங்கிய அடோல்ஃப் குயர்-செல்லர் 1899-லேயே இறந்துவிட்டார், ரயில் உச்சிக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 2020 முடிவில் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கிரிண்டல்வால்டிலிருந்து கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் விடுகிறது, அங்கே ரயில் மாற வேண்டும். இதனால் நேரம் மிச்சம், ஆனால் உடம்புக்கு ஒரு சிக்கல் உண்டு. இன்டர்லாக்கன் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலை காபி குடித்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மூவாயிரத்து நானூறில் நிற்பீர்கள். தலைவலி, லேசான குமட்டல், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் சகஜம். முந்தைய நாள் நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், முடிந்தால் முந்தைய இரவை கிரிண்டல்வால்டிலோ இன்னும் மேலேயோ கழியுங்கள். இறங்கிய வேகத்தில் போட்டோ எடுக்க ஓடாதீர்கள். இந்த வழியில் உள்ள நல்லது, நடக்கத் தொடங்கியதும் உயரம் குறைந்துகொண்டே போகும். கொன்கோர்டியா ஹட் 2,850 மீட்டர்தான், அதனால் இரவு பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். தலைவலி இறங்க இறங்கக் கூடினால் மட்டும் கைடிடம் உடனே சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நிலையத்திலிருந்து சுரங்கம் வழியாகப் பனிக்கு வந்ததும் சுற்றுலாக் கூட்டம் மோன்ஷ்யோக் ஹட் நோக்கி, இயந்திரம் வைத்துச் சமப்படுத்திய அகலப் பாதையில் போகும். நீங்கள் கயிறு கட்டிக்கொண்டு தெற்கே இறங்குவீர்கள். பத்து நிமிடத்தில் கூட்டத்தின் சத்தம் நின்றுவிடும். யுங்ஃப்ராஃபிர்ன் என்ற இந்தப் பகுதியில் மூன்று நான்கு மணி நேரம் நடை. கயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற அளவுக்கு இடைவெளி வைத்து நடக்க வேண்டும், தளர்ந்து வளையம் போட்டால் கைடு திரும்பிப் பார்ப்பார். முன்னால் போகிறவரின் காலடியிலேயே கால் வையுங்கள், போட்டோவுக்காக விலகி நிற்காதீர்கள், நினைத்த இடத்தில் உட்காராதீர்கள். எங்கே நிற்கலாம் என்பதைக் கைடு சொல்வார்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் "நமக்கு வெயில் பழக்கம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த உயரத்தில் பனியின் மேல் வெயில் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும், மேலிருந்து ஒன்று, பனியில் பட்டுக் கீழிருந்து ஒன்று. நம் நிறத் தோலும் வேகும். தாடைக்கு அடியில், மூக்குத் துவாரத்தின் உட்பக்கம், காது மடலின் பின்னால் வரை கிரீம் தடவுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கண்ணாடி சாதாரண கூலிங் கிளாஸ் போதாது, 4-ம் வகைக் கண்ணாடி, பக்கவாட்டு மறைப்போடு. இல்லாமல் நடந்தால் அன்று இரவு கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிச்சல் தொடங்கி, மறுநாள் கண்ணையே திறக்க முடியாமல் போகும்.

கொன்கோர்டியா பிளாட்ஸ் என்பது பெரிய பனிச் சமவெளி. அலெட்ச்ஃபிர்ன், யுங்ஃப்ராஃபிர்ன், ஏவிக்ஷ்னேஃபெல்ட், குருனெக்ஃபிர்ன் என்ற பனி ஓடைகள் வந்து சேரும் இடம். காலடியில் சுமார் 800 மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி. தூரத்தில் பாறை மேல் ஹட் தெரிய ஆரம்பிக்கும், அரை மணியில் போய்விடலாம் போல இருக்கும், போக முடியாது. அங்கே மரமோ வீடோ எதுவும் இல்லாததால் தூரத்தை அளக்கக் கண்ணுக்கு அளவுகோல் கிடைப்பதில்லை. நடந்துகொண்டே இருப்பீர்கள், ஹட் அங்கேயே இருக்கும்.

பிறகு படிக்கட்டு வரும். இந்தப் பயணத்தில் நான் எல்லோரிடமும் சொல்லும் இடம் இதுதான். 1877-ல் முதல் ஹட்டைக் கட்டியபோது பனியாறு அதற்குச் சுமார் 50 மீட்டர் கீழே இருந்தது, ஏறக்குறைய வாசலிலிருந்து பனிக்கு இறங்குகிற கணக்கு. பனியாற்றின் நீளம் குறைவதைத்தான் நாம் செய்தியில் படிக்கிறோம், ஆனால் அது உயரத்திலும் வற்றுகிறது. பனி இறங்க இறங்க, ஹட்டிலிருந்து பாறைச் சுவரில் இரும்புப் படிகளை ஆணி அடித்துக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே வந்தார்கள். இப்போது 450-க்கும் மேற்பட்ட படிகள், ஹட் பனிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் மேலே நிற்கிறது. அதாவது ஹட்டுக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் ஒன்றரை நூற்றாண்டில் உருகிப்போன பனியின் உயரத்தைத் தன் காலால் ஏறித்தான் தீர வேண்டும். புள்ளிவிவரமாகப் படித்தபோது உறைக்காதது இந்தப் படியில், பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது உறைக்கும். படிகள் கம்பிச் சல்லடை போல இருப்பதால் காலுக்கு அடியில் பாறைச் சுவர் அப்படியே தெரியும். உயரப் பயம் இருந்தால் முன்கூட்டியே கைடிடம் சொல்லிவிடுங்கள். கைப்பிடிக் கம்பி இருக்கிறது, அடுத்த படியை மட்டும் பார்த்து ஏறினால் போதும். கீழ்ப்படிக்கும் பனிக்கும் நடுவே உள்ள சரளைக் கல் சரிவில்தான் உண்மையில் கவனம் வேண்டும், அங்கே கல் நகரும்.

ஹட் விஷயத்துக்கு வருவோம். இது ஹோட்டல் இல்லை, சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் குடில். அந்தக் கிளப் 1863-ல் தொடங்கியது, நாடு முழுக்க நூற்றைம்பது அளவுக்குக் குடில்களை வைத்திருக்கிறது. உணவு, காஸ், எல்லாமே ஹெலிகாப்டரில் வருகிறது. குப்பையும் அப்படித்தான் கீழே போக வேண்டும், அதனால் உங்கள் சாக்லேட் உறையை நீங்களே பையில் போட்டு எடுத்துப் போவதுதான் அங்குள்ள மரியாதை. குளியல் கிடையாது. குழாய்த் தண்ணீர் இருந்தாலும் குடிக்கக் கூடியதா என்று பலகை பார்த்துவிட்டுக் குடியுங்கள். பாட்டில் தண்ணீர் ஒன்றரை லிட்டர் பத்து பிராங்க் அளவுக்கு வரும், விலையைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அதைத் தூக்கி வந்த ஹெலிகாப்டர் வாடகையும் சேர்த்ததுதான் அந்த விலை. காலையில் வழிக்குத் தேநீர் நிரப்பித் தருவார்கள், உங்கள் பாட்டிலை இரவே கேட்டு வைத்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஷூவைக் கழற்றி அதற்கான அறையில் வைத்துவிட்டு, அங்கே கிடக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். கிராம்பான், ஐஸ் கோடரி, ஈரக் கயிறு எதுவும் படுக்கை அறைக்குள் வரக்கூடாது. பிறகு நேராகக் குடில் பொறுப்பாளரிடம் போய்ப் பெயர் சொல்லுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரோடு நாளை எங்கே போகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம், நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். படுக்கை என்பது நீளமாகப் போட்ட மெத்தை வரிசை, ஆண் பெண் என்று தனியாகக் கிடையாது, பக்கத்தில் முன்பின் தெரியாதவர் படுத்திருப்பார். கம்பளி தருவார்கள், ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளும் மெல்லிய பட்டு அல்லது பருத்தி உறை நீங்கள் கொண்டுவர வேண்டும், அது கட்டாயம். காதடைப்பான் கொண்டுவாருங்கள், குறட்டைக்கு எந்த ஹட்டிலும் குறைவில்லை. டார்ச் தலையில் கட்டுகிற வகையாக இருக்கட்டும், ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது அடுத்தவர் முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையில் பிளாஸ்டிக் கவர்களைச் சரசரக்க வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குத் தேடாமல், காலைக்கு வேண்டியதை இரவே எடுத்து வைத்துவிடுவது நல்லது. பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும்.

சாப்பாடு: இரவு உணவும் காலை உணவும் சேர்ந்ததுதான் வழக்கமான தொகுப்பு. உறுப்பினர் அல்லாதவர்க்குக் கட்டணம் கூடுதல், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறரை மணி வாக்கில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள், உங்கள் குழுவுக்கு மேஜை ஒதுக்கியிருப்பார்கள், சூப், சாலட், பெரிய பாத்திரத்தில் பிரதான உணவு, கடைசியில் இனிப்பு. சைவம் கண்டிப்பாகக் கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் கடை எதுவும் இல்லாத இடத்தில் சமையல்காரர் என்ன செய்வார். முட்டை சாப்பிடுவீர்களா, சீஸ் சாப்பிடுவீர்களா என்பதையும் எழுதுங்கள், இங்கே சைவம் என்றால் சீஸ்தான் முதலில் வரும். ஊறுகாய் ஒரு சின்ன டப்பா கொண்டுபோனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எங்கள் மேஜையில் அது எப்போதும் இருக்கும், மற்ற மேஜைகளுக்கும் போய்த் திரும்பி வரும். சாப்பிட்டதும் தட்டுகளை அடுக்கிச் சமையலறை ஜன்னலில் கொடுத்துவிடுங்கள்.

பணம் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். கார்டு வாங்கும் ஹட்கள் இப்போது நிறைய, ஆனால் சிக்னல் இல்லாத நாளில் அது உதவாது. இடம் பதிவு செய்துவிட்டு வரமுடியாமல் போனால் உடனே ரத்து செய்யுங்கள். செய்யாவிட்டால் பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் வரவில்லை என்றால் அங்கே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருப்பதால் ஒரு வசதி. ஜெர்மன் ஆல்பைன் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். சுவிஸ் கிளப்போடு உடன்பாடு இருப்பதால் படுக்கைக் கட்டணம் குறையும், அதைவிட முக்கியமாக அந்த உறுப்பினர் சந்தாவிலேயே மலை மீட்புக் காப்பீடும் சேர்ந்திருக்கிறது. ஹெலிகாப்டர் மீட்பு என்றால் ஆயிரக்கணக்கில் பில் வரும், சாதாரண மருத்துவக் காப்பீடு அதை முழுதாகக் கொடுக்காது. அதே கிளப்பின் உள்ளூர்க் கிளைகள் பனிப்பிளவு மீட்புப் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன. கைடு இல்லாமல் போக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு நிஜமாகவே இருந்தால், அதற்கான சரியான வழி அங்கேதான் தொடங்குகிறது. இந்த வருடம் கைடோடு போங்கள், அடுத்த வருடம் வகுப்பு, அதற்கடுத்து அனுபவம் உள்ள நாலு பேரோடு சேர்ந்து போவது.

அவசர எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுவிட்சர்லாந்தில் மலை மீட்பு என்றால் எல்லோரும் ரேகா (Rega) என்ற வான்வழி மீட்பு அமைப்பின் 1414 என்பார்கள். ஆனால் இந்த ஹட்டும் பனியாற்றின் பெரும்பகுதியும் வாலிஸ் மாநிலத்தில் இருக்கின்றன, அங்கே அழைக்க வேண்டியது 144. இரண்டையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தால் இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் வேண்டாம் என்று அர்த்தம். உற்சாகத்தில் இரண்டு கையையும் ஆட்டி வழியனுப்பாதீர்கள்.

இரண்டாம் நாள் வேறு உலகம். படியில் இறங்கி மறுபடி பனிக்கு வந்து தெற்கே நடக்க நடக்க, மேல்பனி மறைந்து வெறும் பனிக்கட்டி வந்துவிடும். சாம்பல் நிறம், சொரசொரப்பு, கிராம்பான் பல் நறநறவென்று பிடிக்கும். பிளவுகள் எல்லாம் வாய் திறந்து தெரியும், அதனால் நேற்றைய பயம் இல்லை, ஆனால் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். போட்டோக்களில் பனியாற்றின் நடுவே நீளமாக ஓடும் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அவை கொன்கோர்டியாவில் ஓடைகள் சேரும்போது ஓரத்துக் கற்குவியல்கள் இணைந்து உண்டானவை. தூரத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் போனால் ஆள் உயரக் கல்மேடு.

இந்தப் பகுதியில் குனிந்து பாருங்கள், அவசரப்படாதீர்கள். பெரிய தட்டைக்கல் ஒன்று பனிக்கட்டித் தூணின் மேல் மேஜை மாதிரி நிற்கும். சுற்றியுள்ள பனி வெயிலில் உருகிவிடும், கல்லின் நிழலில் உள்ளது மட்டும் உருகாமல் தூணாக நின்றுவிடும். வெயில் தெற்கிலிருந்து அடிப்பதால் அந்தக் கல் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும், ஒருநாள் அந்தப் பக்கமே சரிந்து விழும், மறுபடி அதன் அடியில் புதுத்தூண் எழும். சின்னக் கல்லுக்கு நேர் எதிர்க் கதை. கறுப்புத் தூளும் பொடிக்கல்லும் சூடேறி, அடியிலுள்ள பனியை உருக்கி, விரல் ஆழத்துக்குக் குழாய் மாதிரி ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர். காலையில் அதன் வாயில் கண்ணாடி போல மெல்லிய ஐஸ் மூடியிருக்கும். பத்து மணிக்கு மேல் பனியாறு முழுக்க ஓடைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். நீல நிற வாய்க்காலில் வழுவழுவென்று ஓடும் தண்ணீர் திடீரென்று ஒரு வட்டக் குழிக்குள் விழுந்து காணாமல் போகும். அந்தக் குழி பனியாற்றின் அடிவயிறு வரை போகக் கூடியது. அதன் ஓரத்துக்குக் கைடு கூட்டிப் போனால் மட்டும் போங்கள், ஓரம் ஈரமாக, சரிவாக, கண்ணாடிபோல இருக்கும்.

நாலைந்து மணி நேரத்தில் இடது பக்கம் மெர்யெலன் பள்ளத்தில் பனியை விட்டு வெளியேறுவீர்கள். பனிக்கட்டி உரசி வழவழப்பாக்கிய பாறை, அதில் இணைகோடுகளாகக் கீறல்கள். இங்கே ஒரு காலத்தில் பனியாறே அணையாக நின்று பெரிய ஏரியைத் தடுத்து வைத்திருந்தது. பனி அணை திடீரென்று வழிவிடும், ஏரி முழுக்க பனியாற்றின் அடி வழியாகப் பாய்ந்து கீழே ரோன் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும். அதைத் தடுக்க 1890-களில் பாறையைக் குடைந்து வடிகால் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டி முடித்த பிறகு பனியாறு சுருங்கி, அந்தச் சுரங்கத்துக்கு வேலையே அதிகம் இல்லாமல் போனது. இன்று நீங்கள் பார்ப்பது சின்ன ஏரிதான். அங்கிருந்து கிளெட்ஷர்ஸ்டூபெ என்ற குடில், பிறகு சுமார் ஒரு கிலோமீட்டர் நடைச் சுரங்கம், ஃபீஷரால்ப், அங்கிருந்து கேபிள் காரில் ஃபீஷ்.

ஃபீஷ் மக்கள் 1678-ல் நேர்ந்துகொண்ட ஒரு வேண்டுதல் உண்டு. பனியாறு வளர்ந்து மேய்ச்சல் நிலத்தையும் வீட்டையும் விழுங்கக் கூடாது என்று. தலைமுறை தலைமுறையாக வருடாவருடம் ஊர்வலம் போய் அதையே வேண்டிக்கொண்டிருந்தார்கள். பனியாறு பின்வாங்கிக்கொண்டே போவதைப் பார்த்து, வேண்டுதலை மாற்ற அனுமதி கேட்டார்கள், 2010-ல் வத்திக்கான் ஒப்புக்கொண்டது. இப்போது அதே ஊர், பனியாறு சுருங்கக் கூடாது என்று வேண்டுகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் மொத்தக் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கின்றன. அதனால்தான் "பிறகு ஒருநாள் போகலாம்" என்று சொல்கிறவர்களிடம், முடிந்தால் இந்த வருடமே போங்கள், ஆனால் முறையாகப் போங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

குழு நடையில் இடம் கிடைக்காவிட்டால், அல்லது அந்தச் செலவு இப்போது முடியாது என்றால், கைடே தேவைப்படாத ஒரு மூன்று நாள் வழி இருக்கிறது, இதுவும் நல்ல பயணம்தான். முதல் நாள் ஃபீஷிலிருந்து கேபிள் காரில் எகிஸ்ஹார்ன், அங்கிருந்து பனியாறு முழுவதையும் பார்த்துவிட்டு இறங்கி நடந்து கிளெட்ஷர்ஸ்டூபெயில் இரவு, அதற்கும் முன்பதிவு வேண்டும். இரண்டாம் நாள் காலை மெர்யெலனில் பனி விளிம்பு வரை போங்கள், பனியின் மேல் ஏறாதீர்கள், ஓரத்து ஐஸ் குகைக்குள் நுழையாதீர்கள், அது எந்த நேரமும் இடியும். பிறகு பனியாற்றைக் கீழே பார்த்தபடி மலைச்சரிவில் போகும் பாதையில் பெட்மரால்ப், கார் இல்லாத கிராமம். மூன்றாம் நாள் ரீடர்ஃபுர்கா, 1933 முதல் பாதுகாக்கப்படும் அலெட்ச் காடு, அங்கிருந்து மாஸா ஆற்றுப் பள்ளத்தின் மேல் 124 மீட்டர் நீளத் தொங்குபாலம் தாண்டி பெலால்ப் ஏறுவது. மூஸ்ஃப்ளூ பக்கம் பனியின் தாங்கல் போனதால் மலைச்சரிவே நகர்கிறது, 2016-ல் அது வேகமெடுத்தது, அங்கே அடைத்திருக்கும் பாதைகளில் வேலியைத் தாண்டாதீர்கள். பெலால்ப்பிலிருந்து கேபிள் கார் இறங்கும் ஊர் பெயர் பிளாட்டன். 2025 மே மாதம் பனியும் பாறையும் சரிந்து புதைந்த பிளாட்டன் இது அல்ல, அது பக்கத்து லோட்சன் பள்ளத்தாக்கில். பழைய பயணக் குறிப்புகளில் கொன்கோர்டியாவிலிருந்து மேற்கே லோட்சன்லூக்கெ என்ற கணவாய் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் வழியும் இருக்கும், இன்றைய நிலவரம் விசாரிக்காமல் அதைத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

முன்பதிவு வரிசை: முதலில் கைடு குழுவில் தேதி, பெரும்பாலும் ஹட் படுக்கையை அவர்களே எடுத்துவிடுவார்கள், அதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு ரயில். யுங்ஃப்ராயோக்குக்கு ஒருவழி டிக்கெட்தான் உங்களுக்கு வேண்டும், இருவழி எடுத்துவிடாதீர்கள், ஒருவழியே நூறு பிராங்கைத் தாண்டும், ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் பாதி. காரைக் கிரிண்டல்வால்டில் விட்டால் திரும்பி எடுக்க ஃபீஷ், பிரிக், ஷ்பீட்ஸ் என்று ரயில் மாறி அரைநாள் சுற்ற வேண்டும், பேசாமல் ரயிலிலேயே வந்துவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஷூ கணுக்காலுக்கு மேல், அடி கெட்டியாக, கிராம்பான் மாட்டக் கூடியதாக இருக்க வேண்டும், உங்கள் ஷூவின் போட்டோவைக் கைடு அலுவலகத்துக்கு இப்போதே அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வானிலை சரியில்லை என்று முந்தைய மாலை கைடு ரத்து செய்தால் வாதாட வேண்டாம். அதற்காக ஆகஸ்டில் ஒன்றிரண்டு நாளை உபரியாக வைத்துக்கொண்டு வாருங்கள்.